தொங்குற ஆபிரிக்கன் வயலற்றுக்குச் சட்டி மாத்துறது எப்பிடி?

சுன்னாகம் விறாந்தை:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குப் போன மச்சாள் வரேக்க ஒரு ஆபிரிக்கன் வயலற் கொண்டுவந்து தந்தவ. வழமையாக் காணுற, ஒரே குருத்தில வட்டமா இலை விரிச்சு நிக்கிற வகை இல்லை. இது படர்ந்து சட்டிக்கு வெளியால தொங்குது. இலை சின்னன், பின்பக்கம் செம்மை, பூ இளம் ஊதா. வந்த புதுசில நல்லாப் பூத்தது. இப்ப பூவே இல்லை. தண்டெல்லாம் நீண்டு, நடுவில மொட்டையாக் கிடக்கு. இலைகள் நுனியளில மட்டும் கொத்துக் கொத்தா நிக்குது.

இன்னொரு பிரச்சினை. மண்சட்டியின்ர விளிம்பில வெள்ளையாச் சுண்ணாம்பு பிடிச்சமாதிரிப் படிஞ்சிருக்கு. அந்த விளிம்பில முட்டுற இலைக்காம்புகள் எல்லாம் முட்டுற இடத்தில பழுப்பாகி, மெலிஞ்சு, முறிஞ்சு விழுது. தண்ணி எங்கட கிணத்துத் தண்ணிதான்.

சட்டி மாத்தவேணும் எண்டு விளங்குது. வளவுச் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து வைக்கலாமோ? பக்கத்து வீட்டு அன்ரி, "ஒரு குருத்தை மட்டும் விட்டிட்டு மிச்சத்தைக் கிள்ளி எறி, அப்பதான் பூக்கும்" எண்டு சொல்லுறா. உண்மையோ? விறாந்தையில வளையில கொழுவி விட்டிருக்கிறன், இப்ப சோளகம் வேற நல்லா அடிக்குது. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மானிப்பாய் பூக்கண்டு:

அன்ரி சொல்லுறது சரிதான். என்னட்ட நிக்கிற வயலற்றில பக்கக்குருத்து வந்தா உடன பென்சில் நுனியால கிளப்பி எடுத்திடுவன். விட்டா நெருங்கிப்போய்ப் பூக்காது. சட்டியும் சின்னனா இருக்கவேணும், பெரிய சட்டியில வேர் அழுகும். இலைக்குத் தண்ணி படாமப் பாருங்கோ.

கொக்குவில் ரீச்சர்:

பிள்ளை, கத்தரிக்கோலைக் கீழ வையுங்கோ! குருத்தைக் கிள்ள முதல் இதை வாசியுங்கோ.

மானிப்பாய்ப் பிள்ளை சொன்னது ஒற்றைக் குருத்து வகைக்கு நூற்றுக்கு நூறு சரி. அவவின்ர கண்டுக்கு அப்பிடித்தான் செய்யவேணும். ஆனா உங்கட கண்டு வேற குணம். படருற வகைக்கு அழகே அதின்ர பல குருத்துத்தான். அமெரிக்காவில ஆபிரிக்கன் வயலற் சங்கம் எண்டு 1946இல தொடங்கின பெரிய சங்கம் ஒண்டு இருக்கு. அவையின்ர காட்சிப் போட்டியில படருற வகையை வைக்கிறதெண்டா ஆகக்குறைஞ்சது 3 குருத்து இருக்கவேணும் எண்டது விதி. ஒற்றைக் குருத்தாக்கினா உங்களுக்கு மிஞ்சுறது நீண்ட கழுத்தோட சாய்ஞ்சு நிக்கிற ஒரு தண்டு. அது வட்டமாகவும் வராது, தொங்கவும் மாட்டாது.

இந்தக் கண்டுகள் எங்கயிருந்து வந்தது எண்டு தெரிஞ்சா என்ன செய்யவேணும் எண்டது பாதி விளங்கிடும். தான்சானியாவின்ர வடகிழக்கில உசம்பரா மலைகள். 1892இல சென் போல் எண்ட ஜேர்மன் அதிகாரி அங்க இதைக் கண்டு, தகப்பனுக்கு ஜேர்மனிக்கு அனுப்பினவர். அடுத்த வருசம் வெண்ட்லாண்ட் எண்ட தாவரவியலாளர் அவற்ற பேரையே வைச்சு செயின்ற்போலியா எண்டு பேரிட்டார். 2015இல இருந்து அதை ஸ்ரெப்ரோகார்ப்பஸ் பேரினத்துக்குள்ள சேர்த்திட்டினம், ஆனா நாங்கள் பழைய பேரையே பாவிப்பம். அந்த மலையில கிரோட்டி எண்ட காட்டு வகை தண்டு நீட்டி நிலத்தில ஊர்ந்து போறது. இப்ப விக்கிற படருற வகையளில பலதுக்கு அந்த ஊருற குணம் வந்தது அதிலயிருந்துதான். பாறை வெடிப்பில கொஞ்சப் பாசி, கொஞ்ச இலைமக்கு, மேல காட்டு நிழல். அவ்வளவுதான் அதுக்குத் தேவை. ஆழமான மண்ணே கிடையாது. ஒவ்வொரு கணுவும் நிலத்தைத் தொட்டா அந்த இடத்திலயே வேர் விடும்.

அப்ப, சட்டி ஆழமில்லாமல் அகலமா இருக்கவேணும். எங்கட ஊரில இதுக்கெண்டே செய்தமாதிரி ஒண்டு இருக்கு: தயிர்ச்சட்டி. தயிர் முடிஞ்ச பிறகு எறியாதீங்கோ. ஒரு இரவு தண்ணியில ஊறப்போட்டிட்டு, கவிழ்த்து வைச்சு, கல்லுக்குப் பாவிக்கிற துளைப்பான் ஊசியால அடியில மூண்டு நாலு ஓட்டை போடுங்கோ. ஊறாத சட்டி வெடிக்கும். மண்சட்டி தண்ணியை வேர்க்க விடுறதால வேர்ப்பக்கம் குளிர்ச்சியா இருக்கும், யாழ்ப்பாணத்து வெக்கைக்கு அது பெரிய உதவி. பிளாஸ்ரிக் சட்டியில அந்த நன்மை இல்லை.

ஆனா உங்கட இலைக்காம்பு அழுகுறதும் அதே வேர்வையாலதான். யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணியில கரைஞ்சு வாற சுண்ணாம்பும் போடுற பசளையின்ர உப்பும் சட்டிச் சுவரால ஊறி, விளிம்பில வந்து தண்ணி ஆவியாப்போக, அங்கயே தங்கிடுது. வயலற்றின்ர காம்பு நீர் நிறைஞ்ச மெல்லிய காம்பு. அதில உப்பு முட்டினா சுட்டுப்போடும். அதுக்கு மருந்து மெழுகுதிரி. ஒரு பழைய தட்டத்தில மெழுகை உருக்கி, நல்லாக் காஞ்ச சட்டியைக் கவிழ்த்து, விளிம்பு அரை அங்குலம் நனையத் தோய்ச்சு எடுங்கோ. மெழுகுக்குள்ளால உப்பு வராது, காம்பும் வழுக்கலா அதில சாய்ஞ்சு கிடக்கும். மெழுகை நேரடியா நெருப்பில வைக்காமல் சுடுதண்ணிச் சட்டிக்கு மேல வைச்சு உருக்குங்கோ.

மண் விசயம். செம்மண் வேண்டவே வேண்டாம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அது பொன். சட்டிக்குள்ள அது இறுகி, வேருக்குக் காத்துப் போகாது. தோட்ட மண்ணில வேர்முடிச்சுப் புழுவும் இருக்கும். மாட்டெருவும் வேண்டாம், உப்புக் கூட, சின்ன ஈயும் வரும். வெளிநாட்டுக்காரர் பீற் எண்ட உக்கின பாசி, சூட்டில பொரிச்ச கனிமத் துணிக்கையளான பெர்லைற், வெர்மிகுலைற் மூண்டையும் சமனாக் கலக்கிறவை. நான் பாவிக்கிறது ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு பெர்லைற், அரைப் பங்கு உமிக்கரி. பெர்லைற் கிடைக்காட்டி அடுப்புக்கரியைப் பயறளவுக்கு உடைச்சு, மா அரிக்கிற அரிதட்டில தூளை அரிச்சு எறிஞ்சுபோட்டு மிஞ்சுறதைப் போடுங்கோ. தும்புத்தூளில உப்பு இருக்கும். நல்ல தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு, திருப்பி ஊறவைச்சுப் பிழிஞ்சு, தேத்தண்ணி நிறம் போகுமட்டும் அலசுங்கோ. உமிக்கரியையும் அலசவேணும். அதில ஒட்டியிருக்கிற சாம்பல் காரம், வயலற்றுக்குப் பிடிக்கிறது மெல்லிய புளிப்பு, பி.எச். 6 தொடக்கம் 6.5 வரை.

இனி மாத்துற வேலை. எங்கட ஊரில இதுக்கு நல்ல காலம் கார்த்திகை தொடக்கம் தை வரை. சித்திரை, வைகாசியில தொடவே கூடாது. இப்ப ஆனி. கண்டு கஷ்டப்படுறதால பொறுக்கேலாது, ஒரு பின்னேரமாச் செய்யுங்கோ. முதல் நாள் கொஞ்சமாத் தண்ணி விட்டு வையுங்கோ, இலை தளர்வா இருந்தா முறியாது.

பூவும் மொட்டும் இருந்தா எடுத்திடுங்கோ. கீழ்ப்பக்கம் மஞ்சளான இலை, விளிம்பில முட்டிப் பழுதான இலை எல்லாத்தையும் பக்கவாட்டா இழுத்துக் கழட்டுங்கோ. வேர்க்கட்டியின்ர அடியில மூண்டில ஒரு பங்கைப் பிளேட்டால வெட்டி எடுங்கோ. வேர் வெள்ளையா, தொட்டா விறைப்பா இருந்தா நல்லது. மண்ணிறமாக் குழைஞ்சிருந்தா அந்த வேர்க்கட்டியை நம்பாதீங்கோ. நுனிகளை மட்டும் வெட்டி வைச்சு எல்லாத்தையும் புதுசாத் தொடங்குங்கோ.

வேர் நல்லா இருந்தா, தயிர்ச்சட்டியில அரைவாசிக்குக் கலவை போட்டு, வேர்க்கட்டியை நடுவில வையுங்கோ. மொட்டையாப்போன தண்டுகளை வெட்டி எறியாதீங்கோ. சட்டிக்குள்ளயே வளைச்சு, கலவைக்கு மேல படுக்க வையுங்கோ. கொண்டை ஊசியை அகட்டி, கணு கலவையில முட்டுறமாதிரிக் குத்திவிடுங்கோ. தண்டை நெரிக்காதீங்கோ, பிடிச்சு வைச்சாக் காணும். மேல ஒரு சின்னப் பிடி கலவை தூவுங்கோ. கொஞ்ச நாளில இலை விழுந்த தழும்புகளுக்குப் பக்கத்தில பச்சையா, கடுகளவில குருத்துக் கிளம்பும். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா, அந்தக் கடுகிலயும் வெள்ளை மயிர் தெரியும். அதைப் பாத்தீங்கள் எண்டா இந்தக் கண்டை விடமாட்டீங்கள். மொட்டையாக் கிடந்த நடு அப்பிடித்தான் மூடும்.

கலவையை அமத்தி இறுக்காதீங்கோ, சட்டியை ரெண்டு தட்டுத் தட்டினாப் போதும். தண்ணியையும் அள்ளி ஊத்தாதீங்கோ, ஈரம் எண்டா ஈரம் மட்டுந்தான்.

விறாந்தை வளையில இருந்து இறக்குங்கோ. உயரத்தில சூடு கூட, சோளகம் இலையை உலர்த்திப்போடும். தொங்குற கண்டு எண்டதுக்காகக் கட்டாயம் தொங்கவிடவேணும் எண்டில்லை. உயரமான பேணியையோ கல்லையோ கவிழ்த்து அதுக்கு மேல வைச்சா அழகா வழிஞ்சு விழும். கிழக்கு யன்னலுக்கு உள்பக்கம், காலமை வெயில் ஒரு மெல்லிய சாறித் துணியால வடிஞ்சு விழுற இடம் நல்லது.

சுன்னாகம் விறாந்தை:

ரீச்சர், நீங்கள் இவ்வளவு எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்ல, பெரிய நன்றி. தயிர்ச்சட்டி ரெண்டு பத்தியில கிடக்கு, துளைக்கிறதுக்குத் தம்பியிட்டச் சொல்லிட்டன்.

தண்ணிக்கு என்ன செய்யிறது? மாரிக்கு இன்னும் மாதக்கணக்குக் கிடக்கு. கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைச்சு ஆறவிட்டா நல்லதோ? பசளை என்ன போடுறது? சில பேர் நூல் போட்டுத் தண்ணி உறிஞ்சவிடுறது பற்றிச் சொல்லினம், அது இங்க சரிவருமோ?

ரொறன்ரோ புலோலியான்:

நான் இங்க ரொறன்ரோவில நிலக்கீழ் அறையில ரியூப் லைற்றுக்குக் கீழ வயலற் வளர்க்கிறனான். சட்டி மாத்தின உடன கண்டை முழுசாத் தெளிஞ்ச பொலித்தீன் பைக்குள்ள போட்டு வாயைக் கட்டி ரெண்டு கிழமை விடுங்கோ. ஈரம் தங்கும், இலை வாடாது, வேர் கெதியாப் பிடிக்கும். பனிக்காலத்தில ஹீற்றர் காத்து உலர்த்துறதால நான் எப்பவும் இப்பிடித்தான் செய்யிறது. லைற் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம். இரவில கட்டாயம் 8 மணித்தியாலமாவது இருட்டு வேணும், இல்லாட்டிப் பூவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

கொக்குவில் ரீச்சர்:

புலோலித் தம்பி, லைற் பற்றிச் சொன்னதை அப்பிடியே ஏற்கிறன். பை பற்றி மட்டும் ஒரு சொல். உங்கட அறையில 20, 22 பாகை. இங்க இப்ப வீட்டுக்குள்ள மத்தியானம் 31, 32. வயலற்றுக்குச் சுகம் 18 தொடக்கம் 27 வரை, முப்பதைத் தாண்டினா அது தாங்குதே தவிர வளருதில்லை. அந்த வெக்கையில வாயைக் கட்டின பைக்குள்ள குருத்து ஒரு நாளில அழுகும். யாழ்ப்பாணத்தில ஒரு கேக் பெட்டி மூடியைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தைத் தீக்குச்சியால உயர்த்தி வைச்சாப் போதும். அதுவும் வெட்டின நுனிகளுக்கு மட்டும். வேரோட மாத்தின கண்டுக்கு நிழல் காணும், மூடியே வேண்டாம்.

பிள்ளை, தண்ணிதான் முழுக்கதையும். மண்ணை எவ்வளவு திறமாக் கலந்தாலும் ஒவ்வொரு முறையும் கிணத்துத் தண்ணி விட்டா, கலவை மெல்ல மெல்லக் காரமாகி, குருத்து இலை வெளிறி வரும். பசளை காணாது எண்டு நினைச்சு இன்னும் போடுவினம், உப்புத்தான் இன்னும் கூடும். கொதிக்கவைச்சா கேத்திலின்ர அடியில வெள்ளையாப் படியுதெல்லோ, அதளவு சுண்ணாம்பு தண்ணியை விட்டுப் போகும். ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்தண்ணியை எடுத்தா ஓரளவு உதவும். சுன்னாகத்துக்கு அது சரி. ஆனா கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறு எண்டா கொதிக்கவைச்சு உப்புப் போகாது, தண்ணி வத்த வத்த உவர் இன்னும் தடிக்கும். இப்போதைக்கு வடிகட்டின ஆர்ஓ தண்ணி வாங்குங்கோ. ஒரு சட்டிக்குக் கிழமைக்கு ஒரு லீற்றர் கூடப் போகாது.

மாரி வந்தா பீலித் தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ. முதல் மழையைப் பிடியாதீங்கோ, அது கூரையைக் கழுவுற தண்ணி. ரெண்டாம் மூண்டாம் மழைக்குப் பிறகு பிடிச்சு, மூடின கானில இருட்டில வைச்சா மாசி, பங்குனி வரை இருக்கும். திறந்து விட்டா நுளம்பு.

தண்ணி விடேக்க சட்டியை ஒரு தட்டத்தில வைச்சு, தட்டத்துக்குள்ள விடுங்கோ. அரை மணித்தியாலத்தில மேற்பரப்பு நிறம் மாறும், மிச்சத் தண்ணியை ஊத்திடுங்கோ. அடுத்தது எப்ப எண்டு கலண்டரைப் பாக்காதீங்கோ. விரல் நுனியால தொட்டுக் காஞ்சிருந்தா விடுங்கோ. மாதத்தில ஒரு முறை மட்டும் மேலயிருந்து நிறைய நல்ல தண்ணி விட்டு அடியால ஓடவிடுங்கோ, தங்கின உப்புக் கழுவுப்படும். குளிர்ந்த தண்ணி இலையில பட்டா வளையம் வளையமா மஞ்சள் தழும்பு வரும், அறைச் சூட்டில இருக்கிற தண்ணியா எடுங்கோ.

நூல் முறை வேலை செய்யும். வெக்கை நாளில நூல் நிறுத்தாமல் உறிஞ்ச, கலவை எப்பவும் நனைஞ்சே நிக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தா வேரழுகல் வரும். கலவையில அரைவாசிக்கு மேல பெர்லைற் இருந்தா மட்டும் செய்யுங்கோ. பருத்தி நூல் உக்கிப்போகும், செயற்கைக் கம்பளி நூல் எடுங்கோ. நீங்கள் வீட்டிலயே இருக்கிற ஆள் எண்டா தட்டத்தில விடுறதுதான் நல்லது எண்டு நான் சொல்லுவன்.

பசளை, மாத்தி ஒரு மாதத்துக்கு ஒண்டும் வேண்டாம். பிறகு அல்பேட் கரைசல் எண்டு தண்ணியில கரைச்சு விடுற பசளை கடைகளில இருக்கு. பக்கற்றில போட்டிருக்கிற அளவில கால்வாசி, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. யூரியாவைக் கிட்டக் கொண்டுவராதீங்கோ, வேரைச் சுடும்.

வவுனியாத் தோட்டக்காரன்:

எல்லாம் சரி, ஒரு விசயத்தையும் பாருங்கோ. சட்டியால எடுக்கேக்க வேருக்குள்ள வெள்ளை மாப்போல ஏதாவது ஒட்டியிருக்கோ? இருந்தா அது வேர் மாவுப்பூச்சி. பழைய கலவை முழுக்க எறிஞ்சு, வேரைக் கழுவி, அந்தச் சட்டியைத் திருப்பிப் பாவியாமல் விடுங்கோ. பூவுக்குள்ள மஞ்சள் மகரந்தம் இதழில சிந்திக் கிடந்தா பனிப்பூச்சி. நடுக்குருத்து மட்டும் சுருங்கி, இறுகி, மயிரடர்ந்து சாம்பல் நிறமா வந்தா கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. அந்தக் கண்டை மற்றதுகளுக்குப் பக்கத்தில வைக்காதீங்கோ. நுவரெலியாவில இருந்து வாற எந்தக் கண்டையும் ஒரு மாதம் தனிய வைக்கிறது என்ர வழக்கம்.

சுன்னாகம் விறாந்தை:

மாத்திட்டன்! வேர் வெள்ளையா நல்லா இருந்தது, மாப்பூச்சி இல்லை. தண்டு அஞ்சையும் படுக்கவைச்சுக் கொண்டை ஊசி குத்தியாச்சு. ஒரு தண்டு வளைக்கேக்க முறிஞ்சுபோச்சு. அதின்ர நுனியை என்ன செய்ய? மச்சாளுக்கும் ஒரு கண்டு வேணுமாம், இலையில பதி வைக்கலாம் எண்டு சொல்லுறா. அவவிட்ட வேற ஒண்டு நிக்குது, வெள்ளைப் பூவில நடுவால ஊதாக் கோடு ஓடுறது. அதிலயும் இலை எடுத்து வைக்கப்போறாவாம்.

கொக்குவில் ரீச்சர்:

நல்ல சேதி பிள்ளை, சந்தோசம். முறிஞ்ச நுனியை எறியாதீங்கோ. கீழ் இலை ரெண்டைக் கழட்டி, ஒரு அங்குலத் தண்டு தெரிய வெட்டி, அரை மணித்தியாலம் வெட்டுவாய் காயவிட்டு, ஒரு சின்னக் கப்பில அதே கலவையில நட்டு, நான் சொன்ன கேக் மூடிக்குள்ள வையுங்கோ. ஒரு மாதமளவில மெல்ல இழுத்துப் பாத்தா பிடிச்சிருக்கும். மச்சாளுக்கு அதையே குடுங்கோ. இலையில இருந்து குட்டி வெளிவரவே ஒண்டரை, ரெண்டு மாதம் செல்லும். நுனியில வளர்ந்த குருத்து ஏற்கெனவே இருக்கு. அது கெதியாப் பூக்கும்.

இலையில வைக்கிறதெண்டா முதிர்ந்ததுமில்லாமல் குருத்துமில்லாமல் நடு இலையா எடுத்து, காம்பை ஒண்டரை அங்குலம் விட்டுச் சாய்வா வெட்டி வைக்கச் சொல்லுங்கோ. ஆனா கோடு ஓடுற பூவுக்கு அது பலிக்காது எண்டு இப்பவே மச்சாளிட்டச் சொல்லிடுங்கோ. அந்தக் கோடு ரெண்டு விதத் திசு ஒண்டோட ஒண்டு ஒட்டி வளர்றதால வாறது. இலையில இருந்து வாற குட்டிகளில அனேகமா ஒரே நிறப் பூத்தான் வரும். அதிலயே கோடு வேணுமெண்டா பக்கக்குருத்தை எடுத்து நடவேணும். அவவின்ரது ஒற்றைக் குருத்து வகை எண்டா, நடுக்குருத்தைக் கிள்ளிவிட்டாப் பக்கத்தால குருத்து வரும். அதை நாலு இலை வந்த பிறகு எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.